ஒரு கணினி, இரண்டு ஆண்டிவைரஸ்: மோதல் எங்கே நடக்கிறது, பொய் எச்சரிக்கை ஏன் வருகிறது

புதிதாக வாங்கிய மடிக்கணினியைத் திறந்தால் ஏதோ ஓர் ஆண்டிவைரஸின் 30 நாள் இலவசப் பதிப்பு உள்ளே காத்திருக்கும். விண்டோஸோடு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. இணையச் சந்தாவோடு இன்னொன்றை இலவசமாகக் கட்டித் தருகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் அலுவலகத்தின் கண்காணிப்பு நிரலும் சேர்ந்துகொள்ளும். திட்டமிட்டு இரண்டு, மூன்று பாதுகாப்பு நிரல்களை வைத்துக்கொள்பவர்கள் குறைவு. பெரும்பாலானோரிடம் அவை தாமாகச் சேர்ந்துவிடுகின்றன. பிறகு ஒரு நாள் கணினி நத்தையாய் ஊர்கிறது, வங்கியின் இணையப் பக்கம் திறக்க மறுக்கிறது, நேற்றுவரை நல்லதாக இருந்த நிரலை இன்று 'வைரஸ்' என்கிறது.

2023 செப்டம்பரில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு, கைப்பேசிகளில் பாதுகாப்புச் செயலி வைத்துக்கொள்ளுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டு பரிந்துரைப் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டது. நல்ல ஆலோசனை அது. ஆனால் "ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதுதானே" என்று அதை நாமாக நீட்டிக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. காரணம் புரிய, இந்த நிரல்கள் கணினிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதிலிருந்து பார்க்க வேண்டும்.

## வாசலில் நிற்பது, கூப்பிட்டால் வருவது

ஆண்டிவைரஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன.

நிகழ்நேரப் பாதுகாப்பு: கணினி ஓடும் நேரமெல்லாம் விழித்திருந்து, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது, எழுதப்படும்போது, இயக்கப்படும்போது குறுக்கே நின்று சோதிப்பது.

கேட்டபோது சோதனை: நாம் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடி, வட்டை ஒருமுறை அலசி, முடிவைச் சொல்லிவிட்டு ஒதுங்குவது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு இப்படிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் அப்படியே. அதைப் பதிவிறக்கிய 10 நாள்வரைதான் பயன்படுத்த முடியும், பிறகு புதிதாக இறக்க வேண்டும்.

இரண்டாம் வகை எத்தனை இருந்தாலும் பெரிய மோதல் வராது, ஒரே நேரத்தில் ஓட்டாதவரை. இந்தக் கட்டுரை பேசும் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் வகை இரண்டு ஒன்றாக ஓடும்போது வருபவை.

விண்டோஸில் நிகழ்நேரப் பாதுகாப்பு ஒரு வடிகட்டி டிரைவர் வழியாக நடக்கிறது; கோப்புக் கோரிக்கைகளை நடுவில் நிறுத்திப் பார்க்கும் ஆழ்நிலை நிரல் அது. நீங்கள் ஒரு எக்செல் கோப்பை இரட்டைச் சொடுக்கினால், அந்தக் கோரிக்கை நேரே வட்டுக்குப் போவதில்லை. மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட வடிகட்டிகள் ஒவ்வொன்றையும் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் 'ஆல்டிட்யூட்' என்ற உயர எண் உண்டு, அதை வழங்குவது மைக்ரோசாஃப்ட். ஆண்டிவைரஸ்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வரம்பு 320000 முதல் 329998 வரை. டிஃபெண்டரின் எண் 328010. உங்கள் கணினியில் இந்த வரம்புக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நீங்களே பார்க்கலாம்; வழி பின்னால் வருகிறது.

## மோதல் நடக்கும் ஐந்து இடங்கள்

1. கோப்பைத் திறக்கும் கணம்

'அ' என்ற நிரல் ஒரு கோப்பைச் சோதிக்க வேண்டுமானால் அதைத் திறந்து படிக்க வேண்டும். 'ஆ' என்ற இன்னொரு நிரல் பக்கத்தில் நின்றால், "யாரோ கோப்பைத் திறக்கிறார்கள்" என்று அது விழித்துக்கொண்டு தானும் திறந்து படிக்கும். அதைப் பார்த்து 'அ' மறுபடி விழிக்கும். எந்த ஆண்டிவைரஸும் தன்னுடைய சோதனையைத் தானே சந்தேகிக்காது. ஆனால் அடுத்தவருடைய சோதனை அதற்கு வெறும் இன்னொரு கோப்புக் கோரிக்கைதான்.

உட்லண்ட்ஸில் ஒரு சோதனை, பாலம் தாண்டி ஜோகூரில் ஒரு சோதனை என்றால் பயணம் நீளும், ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். இங்கே நடப்பது வேறு. முதல் சாவடி அதிகாரி தன் வேலையைச் செய்யவே இரண்டாம் சாவடி வரிசையில் நிற்க வேண்டும், இரண்டாமவரும் அவ்வாறே. இருவரும் ஒருவர் பதிலுக்கு மற்றவர் காத்திருக்கத் தொடங்கினால் நிரல் உறைந்து நிற்கும். விண்டோஸின் புதிய வடிகட்டி முறை இந்தச் சுழலின் பெரும்பகுதியைத் தடுக்கிறது என்றாலும், தாமதத்தைத் தடுப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கணக்கியல் மென்பொருள் தொடங்கும்போது 3,000 சிறு கோப்புகளைத் திறக்கிறது, ஒரு சோதனைக்கு 2 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிரலுக்கு 6 விநாடி. இரண்டு இருந்தால் 12 விநாடியோடு நிற்காது, ஒன்றின் சோதனையை மற்றது சோதிக்கும் நேரமும் அதன்மேல் ஏறும். இரண்டின் முழுச்சோதனையும் ஒரே நேரத்துக்குக் குறிக்கப்பட்டிருந்தால் அந்த மணி நேரம் கணினியில் வேறு வேலை ஓடாது.

2. தனிமைப்படுத்தும் கணம்

நச்சுநிரல் கிடைத்ததும் ஆண்டிவைரஸ் அதை அப்படியே அழிப்பதில்லை. குறியாக்கம் செய்து 'குவாரண்டைன்' என்ற தனியறைக்கு நகர்த்துகிறது. அந்த நேரத்தில் இன்னொரு நிரல் அதே கோப்பைத் திறந்து பிடித்திருந்தால் நகர்த்தல் தோற்கும். திரையில் "அகற்ற முடியவில்லை" என்று வரும். வைரஸ் அவ்வளவு பலமானதோ என்று பயப்பட வேண்டாம், பிடிவாதம் பிடிப்பது மற்ற ஆண்டிவைரஸ்.

இதே குடும்பத்தில் இன்னொன்று மிக அடிக்கடி நடப்பது. ஒரு ஸிப் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க 'அ' அதைத் தற்காலிக அடைவில் பிரித்து வைக்கும். பிரிந்த துண்டை 'ஆ' பார்த்துவிட்டு அலறும். நீங்கள் அந்த ஸிப்பைத் திறக்கவே இல்லை, வட்டில் அந்தத் துண்டு சில விநாடிதான் இருந்தது. தேடிப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு முழுச்சோதனையின்போதும் அதே 'வைரஸ்' திரும்ப வருவதுபோல் தோன்றும். உண்மையில் தொற்று பரவவில்லை. நீக்க வேண்டியது மூலமான அந்த ஸிப் ஒன்றைத்தான்.

3. அடுத்தவரின் நடத்தை

ஓர் ஆண்டிவைரஸ் செய்வதையெல்லாம் பெயர் சொல்லாமல் பட்டியலிட்டுப் பாருங்கள்: கணினி தொடங்கும்போதே இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவில் போய் உட்கார்கிறது, மற்ற நிரல்களுக்குள் தன் துண்டைச் செருகுகிறது, அவற்றின் நினைவகத்தைப் படிக்கிறது, இணையப் போக்குவரத்தை இடைமறிக்கிறது, தன்னை யாரும் நிறுத்தவிடாமல் தடுக்கிறது. உளவு நிரலும் இதையேதான் செய்யும். நோக்கம் மட்டுமே வேறு, நோக்கத்தை நிரலால் படிக்க முடியாது. ஆகவே நடத்தையைக் கவனிக்கும் 'ஆ', தன் பக்கத்தில் நிற்கும் 'அ'வைச் சந்தேகிப்பதில் தவறொன்றும் இல்லை.

வைரஸ் அடையாளத் தொகுப்பும் பழைய தலைவலி. 'அ' தான் தேட வேண்டிய வைரஸ்களின் துணுக்குகளைத் தன்னிடம் வைத்திருக்கும். அவை மறைக்கப்படாமல் நினைவகத்தில் விரிந்து கிடந்தால் 'ஆ'வின் கண்ணுக்கு அது வைரஸ் குவியலாகத் தெரியும். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் தொகுப்பைக் குறியாக்கம் செய்துவிடுகின்றன. யுஎஸ்பியில் வைத்து ஓட்டும் சிறு துப்புரவுக் கருவிகளில் இது இன்னும் தலைகாட்டும்.

4. இணைய வழி

பல தொகுப்புகளில் இருக்கும் 'வெப் ஷீல்டு' பூட்டுப் போட்ட இணையத் தொடர்பையும் பிரித்துப் பார்க்கும். அதற்காகத் தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றைக் கணினியில் நிறுவி, வங்கித் தளத்துக்கும் உலாவிக்கும் நடுவில் நிற்கும். இரண்டு ஷீல்டுகள் நின்றால், ஒன்று கொடுக்கும் சான்றிதழை மற்றது நம்பாமல் போகலாம். உலாவி "இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழகிவிடுவதுதான் இதில் ஆக மோசமான விளைவு. உண்மையான போலித் தளம் வரும்போதும் கை தானாகத் தாண்டிப் போகும்.

ஃபயர்வால் இரண்டு இருந்தால் விதி எளிது: இரண்டும் அனுமதிக்க வேண்டும், ஒன்று மறுத்தாலும் போச்சு. ஒன்றில் அலுவலக விபிஎன்னுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அது ஏன் இன்னும் இணையவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் மற்றொன்று.

5. கருவின் உள்ளே

வடிகட்டி டிரைவர்கள் ஓடுவது இயங்குதளத்தின் கருவில். சாதாரணச் செயலி தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கருவில் இருப்பது தவறினால் கணினி முழுவதும் நின்றுபோய் நீலத்திரைதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் சாய்ந்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமானச் சேவைகள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அது இரண்டு நிரல்களின் மோதல் அல்ல. ஆனால் இந்த வகை நிரல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அதன்பின், 2024 நவம்பரில், ஆண்டிவைரஸ்கள் கருவுக்கு வெளியிலிருந்தே வேலை செய்ய வழி அமைப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

இரண்டு நிரல் இருந்தால் கருவில் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜனவரி நல்ல பாடம். 'மெல்ட்டவுன்' என்ற, கணினியின் மையச் சில்லில் இருந்த குறைபாட்டுக்கான விண்டோஸ் திருத்தம், சில ஆண்டிவைரஸ்களோடு சேர்ந்தால் நீலத்திரையை வரவழைத்தது. அவை கரு நினைவகத்தை அனுமதிக்கப்படாத வழியில் தொட்டுக்கொண்டிருந்ததே காரணம். ஆகவே, "நான் பொருந்துவேன்" என்று ஆண்டிவைரஸ் விண்டோஸ் பதிவேட்டில் ஒரு குறி வைத்தால்தான் திருத்தம் வரும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை போட்டது. அந்தக் குறி கணினிக்கு ஒன்றுதான். இரண்டு நிரல் உள்ள கணினியில் பொருந்தும் நிரல் குறி வைத்துவிட்டால், பொருந்தாத மற்றதையும் பொருட்படுத்தாமல் திருத்தம் உள்ளே வந்துவிடும். ஒருவர் கொடுத்த உறுதிமொழி மற்றவர் தலையில் விடியும்.

## பொய் எச்சரிக்கை என்பது என்ன

நல்ல கோப்பைக் கெட்டது என்று சொல்வது பொய் எச்சரிக்கை. இது கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை, கண்டுபிடிக்கும் முறையிலேயே கலந்திருக்கிறது. தெரிந்த வைரஸின் அடையாளத்தோடு அப்படியே பொருந்தினால் மட்டும் பிடிக்கும் நிரல் பொய் சொல்வது அரிது, ஆனால் நேற்றுப் பிறந்த வைரஸை விட்டுவிடும். ஆகவே "வைரஸ்போல இருக்கிறது", "வைரஸ்போல நடக்கிறது", "இதை உலகில் வெகுசிலரே வைத்திருக்கிறார்கள்" என்ற ஊகங்களையும் சேர்க்கிறார்கள். ஊகம் கூடக்கூடப் பொய்யும் கூடும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத 'எஸ்விசிஹோஸ்ட்' கோப்பை வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருந்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ், பல மென்பொருள்களின் புதுப்பிப்புக் கருவிகளோடு தன்னுடைய புதுப்பிப்புக் கருவியையும் சேர்த்தே நச்சுநிரலாக அறிவித்தது. 2022 செப்டம்பரில் டிஃபெண்டர், குரோம் உள்ளிட்ட பல செயலிகளைத் தொற்று என்று காட்டியது. தன்னையே சந்தேகித்த நிரல் உண்டு என்றால், பக்கத்தில் நிற்கும் போட்டியாளரைச் சந்தேகிப்பதில் வியப்பென்ன?

நம்மவர் கணினிகளில் தனியாகக் குறிப்பிட வேண்டிய ஒன்று தமிழ்த் தட்டச்சு நிரல். 'அம்மா' என்று ஆங்கில விசைகளில் அடிப்பதைத் தமிழாக்க அது ஒவ்வொரு விசையையும் நடுவிலேயே பிடித்தாக வேண்டும். கடவுச்சொல் திருடும் விசைப்பதிவு நிரலும் அப்படித்தான் பிடிக்கும். இத்தகைய தமிழ் நிரல்கள் பலவும் தனிநபர்களோ சிறு குழுக்களோ எழுதியவை. மின்கையொப்பம் இருக்காது, பதிவிறக்கமும் குறைவு. நடத்தையும் சந்தேகம், புகழும் குறைவு என்று இரண்டு ஊகமும் ஒன்றாகச் சேரும். மொழி ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் புதிய பாதுகாப்பு நிரல் போட்ட மறுநாள் தட்டச்சு நிரல் காணாமல் போனதைப் பார்ப்பது இதனால்தான். இப்போது விண்டோஸிலேயே தமிழ்99, ஒலிப்புமுறை இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. கணக்காளர்கள் எழுதிய எக்செல் மேக்ரோக்கள், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் கருவிகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடிக்கடி சிக்கும்.

## இரண்டு நிரல் கத்தினால் இரண்டு சாட்சியா?

இரண்டு வைத்துக்கொள்பவர்களின் வாதம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது: ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது, எண்ணிக்கை. ஒரு சிறு நிறுவனத்தில் 40 கணினிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து லட்சம் கோப்புகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 மில்லியன். மில்லியனில் ஒன்றை மட்டுமே தவறாகப் பிடிக்கும் மிக நல்ல நிரல்கூட 20 பொய் எச்சரிக்கை தரும். அதே தரத்தில் இரண்டாவது நிரல் சேர்ந்தால் 40 வரை போகும், ஏனெனில் ஒன்று கத்தினாலே நாம் நின்றுவிடுகிறோம். நல்ல நிரல் ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது, இரண்டாவதால் கூடுதலாகக் கிடைக்கும் உண்மைப் பிடிப்பு சொற்பம். பொய்களோ முழுசாகச் சேர்கின்றன.

இரண்டாவது, சார்பு. ஜி டேட்டா, எம்சிசாஃப்ட் போன்றவை பிட்டிஃபெண்டர் என்ற இன்னோர் ஆண்டிவைரஸின் சோதனைப் பொறியை, அதாவது வைரஸைக் கண்டுபிடிக்கும் பகுதியை, உள்ளே பயன்படுத்துகின்றன. அவற்றில் இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒரே ஆளை இரண்டு சட்டை போட்டு நிறுத்தியதுபோல். நிறுவனங்கள் ஒருவர் தீர்ப்பை ஒருவர் பார்த்தும் எழுதுவதுண்டு. 2010இல் கேஸ்பர்ஸ்கி ஒரு சோதனை செய்தது: தீங்கற்ற 20 கோப்புகளைத் தயாரித்து, அவற்றில் பாதியை வேண்டுமென்றே நச்சுநிரல் என்று தன் தொகுப்பில் குறித்து, பல பொறிகளின் முடிவைக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டது. பத்து நாளில் வேறு பதினான்கு நிறுவனங்கள் வரை அந்தக் கோப்புகளை நச்சுநிரல் என்று காட்டத் தொடங்கின. ஆகவே "எட்டுப் பேர் கெட்டது என்கிறார்கள்" என்பதை எட்டு வாக்காக எண்ணக் கூடாது.

## எச்சரிக்கை வந்தால் எதை வாசிப்பது

பலர் சிவப்பைப் பார்த்ததும் 'அகற்று' என்று அழுத்திவிடுகிறார்கள், அல்லது சலித்துப்போய் 'அனுமதி' என்று. இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை:

1. யார் சொல்வது? உலாவியின் மூலையில் எழும் "உங்கள் ஆண்டிவைரஸ் காலாவதி, 5 வைரஸ் உள்ளது" என்பது பெரும்பாலும் ஏதோ ஓர் இணையத்தளத்தின் அறிவிப்பு. உண்மையான எச்சரிக்கை அந்த நிரலைத் திறந்து அதன் வரலாற்றுப் பக்கத்தில் பார்த்தால் இருக்கும். அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் தந்தால் மோசடி என்றே முடிவு செய்யலாம். ஐயமிருந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் உதவி எண் 1799.

2. எந்தப் பாதை? கோப்பு இருக்கும் இடம் மற்ற ஆண்டிவைரஸின் நிறுவல் அடைவோ, குவாரண்டைன் அடைவோ என்றால் மோதல்தான். தற்காலிக அடைவு, அதிலும் சோதனை ஓடிக்கொண்டிருந்த நேரம் என்றால் மேலே சொன்ன ஸிப் கதை. பதிவிறக்க அடைவிலோ தொடக்க நிரல் பட்டியலிலோ இருந்தால் உண்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. என்ன பெயர்? பெயரில் 'ஹியூர்', 'ஜென்', 'சஸ்பிஷியஸ்', 'எம்எல்' போன்ற துண்டு இருந்தால் அது ஊகம். 'பியுஏ', 'பியுபி' என்றால் வேண்டாத விளம்பர வகை நிரல், வைரஸ் என்று சொல்ல முடியாதது. குறிப்பிட்ட வைரஸ் குடும்பத்தின் பெயரும் பதிப்பெழுத்தும் இருந்தால் ஊகம் குறைவு.

4. எப்போது தொடங்கியது? அடையாளத் தொகுப்பு புதுப்பிக்கப்பட்ட சில நிமிடத்தில், எல்லாக் கணினியிலும், ஆண்டுக்கணக்காக இருக்கும் அதே கோப்பு என்றால் பொய்யாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அழிக்காமல் தனிமைப்படுத்தலில் விட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்துத் தொகுப்பைப் புதுப்பித்து மறுபடி சோதியுங்கள். தவறு என்று தெரிந்தால் நிறுவனமே திருத்தியிருக்கும், அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

5. வெளியே கேட்பது. வைரஸ்டோட்டலில் கோப்பை ஏற்றும் முன் ஒரு கணம் நில்லுங்கள். அங்கே ஏற்றும் கோப்புகளைச் சந்தாதாரர்கள் பதிவிறக்க முடியும். அடையாள அட்டை எண்ணோ சம்பள விவரமோ உள்ள எக்செல்லை ஏற்றினால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனம் பதில் சொல்ல நேரிடும். கோப்புக்குப் பதிலாக அதன் கைரேகையை மட்டும் தேடலாம். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் 'கெட்', ஒரு சிறுகோடு, 'ஃபைல்ஹாஷ்' (Get-FileHash) என்று அடித்துக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் 64 எழுத்துக் கைரேகை கிடைக்கும். அதைத் தளத்தின் தேடல் கட்டத்தில் ஒட்டினால் போதும்.

## ஒன்றை வைத்து மற்றதை எடுப்பது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேறோர் ஆண்டிவைரஸ் தன்னை முறையாகப் பதிந்துகொண்டால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிவிடும். ஆகவே டிஃபெண்டரும் இன்னொன்றும் என்பது வழக்கமாகச் சிக்கலில்லை. சிக்கல் வெளியிலிருந்து வந்த இரண்டு, அல்லது பாதி அகற்றப்பட்ட ஒன்று. சந்தா முடிந்த இலவசப் பதிப்பு தன்னைப் பதிந்தபடியே உறங்கினால் நிலைமை இன்னும் மோசம்: அதுவும் காக்காது, டிஃபெண்டரும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

1. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸ், அதில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' பாருங்கள். ஆண்டிவைரஸ் தலைப்பின் கீழ் யார் யார், யார் இயங்குகிறார் என்று தெரியும்.

2. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடியுங்கள். 320000 முதல் 329998 வரை உயர எண் கொண்ட வரிகளை எண்ணுங்கள். முதல் படியில் காணாத நிறுவனத்தின் பெயர் இங்கே இருந்தால் அது எச்சமாக இருக்கலாம்.

3. வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்கினால் 48 இலக்க மீட்பு எண்ணை வேறொரு சாதனத்தில் குறித்து வைத்த பிறகே மேலே போங்கள். சில அகற்றும் கருவிகள், மிகத் தேவையானவை மட்டும் ஓடும் 'சேஃப் மோடு'க்குப் போகச் சொல்லும்; அப்போது அது கேட்கப்படலாம்.

4. வைத்துக்கொள்ளப்போகும் நிரலின் நிறுவியையும், போகப்போகும் நிரலின் நிறுவனம் தரும் அகற்றும் கருவியையும் அவரவர் தளத்திலிருந்தே முன்கூட்டிப் பதிவிறக்குங்கள். போகும் நிரலின் குவாரண்டைனில் மீட்க வேண்டியது இருந்தால் இப்போதே மீட்க வேண்டும், நிரல் போனதும் அந்தப் பூட்டைத் திறக்க ஆளிருக்காது.

5. வைஃபையை அணைத்து, செட்டிங்ஸின் செயலிகள் பட்டியலிலிருந்து பழையதை நீக்கி, மறுதொடக்கம் செய்யுங்கள். 'ஷட் டவுன்' போதாது, 'ரீஸ்டார்ட்' வேண்டும். வேகத் தொடக்கம் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கருவை முழுதாக மூடுவதில்லை.

6. அகற்றும் கருவியை ஓட்டி மறுபடி ரீஸ்டார்ட். இரண்டாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். பழைய பெயர் போயிருக்க வேண்டும்.

7. புதியதை நிறுவி, வைஃபையைத் திறந்து, தொகுப்பைப் புதுப்பியுங்கள். பிறகு ஐகார் சோதனைக் கோப்பால் சரிபாருங்கள். 68 எழுத்து மட்டுமே கொண்ட, தீங்கே இல்லாத, எல்லா ஆண்டிவைரஸும் பிடிக்க ஒப்புக்கொண்ட கோப்பு அது. ஒரே ஒரு நிரல் எச்சரித்தால் வேலை முடிந்தது. இரண்டு எச்சரித்தால் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

இரண்டாம் கண் வேண்டும் என்ற ஆசைக்கும் இடமுண்டு. வேறோர் ஆண்டிவைரஸ் இருக்கும்போது விண்டோஸ் செக்யூரிட்டியில் 'லிமிடெட் பீரியாடிக் ஸ்கேனிங்' என்ற பொத்தான் தோன்றும். அதை இயக்கினால் டிஃபெண்டர் வாசலில் நிற்காமல் அவ்வப்போது வந்து அலசிப் போகும். 2016 முதல் இந்த வசதி இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. மால்வேர்பைட்ஸின் கட்டணப் பதிப்பை டிஃபெண்டரோடு வைப்பவர்கள், விண்டோஸ் செக்யூரிட்டியில் பதிந்துகொள்ளும் அதன் தெரிவு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதிந்துகொண்டால் டிஃபெண்டர் ஒதுங்கிவிடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் அந்தக் கணினிகளில் இரண்டாவது ஆண்டிவைரஸ் போடும் எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆண்டிவைரஸ் வேறு, இயங்குதளத்தின் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேறு. முதலாவதை எத்தனை அடுக்கினாலும் இரண்டாவதாக மாறாது.

## அலுவலகங்களில்

2022இல் தொடங்கிய இணையப் பாதுகாப்பு அமைப்பின் 'சைபர் எசென்ஷியல்ஸ்' சான்று பெற விரும்பும் சிறு நிறுவனங்கள் நச்சுநிரல் தடுப்பு வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டினால் மதிப்பெண் கூடும் என்று எண்ண வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது சர்வர். சாதாரண விண்டோஸில் நடப்பதுபோல் விண்டோஸ் சர்வரில் டிஃபெண்டர் தானாக ஒதுங்காது, ஏனெனில் யார் பொறுப்பு என்று பதிந்துகொள்ளும் அந்த மையம் அங்கே இல்லை. 2016 பதிப்பு முதல் டிஃபெண்டர் அதில் உள்ளேயே வருகிறது. அதன்மேல் வேறொன்றை நிறுவிவிட்டு, கணக்குத் தரவுத்தளம் ஏன் திணறுகிறது என்று வன்பொருளைக் குறை சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிஃபெண்டரை நீக்குவதையோ செயலற்ற நிலைக்கு மாற்றுவதையோ கையால்தான் செய்ய வேண்டும்.

கண்காணிப்பு நிரலும் ஆண்டிவைரஸும் சேர்ந்தே ஓட வேண்டிய கட்டாயம் இருந்தால், ஒன்று தடுக்கும் நிலையிலும் மற்றது கவனிக்கும் நிலையிலும் இருக்கட்டும். ஒன்றின் நிறுவல் அடைவு, குவாரண்டைன் அடைவு, இயங்கும் நிரல் பெயர்கள் ஆகியவற்றை மற்றதின் விலக்குப் பட்டியலில் இருபுறமும் சேருங்கள். நிறுவனம் ஆவணத்தில் சொன்ன பாதைகளை மட்டும், முழுப் பாதையாக. தற்காலிக அடைவையோ பதிவிறக்க அடைவையோ முழு 'சி' வட்டையோ விலக்கினால் மோதல் நிற்கும், கூடவே பாதுகாப்பும் நிற்கும். ஊடுருவுபவர்கள் முதலில் தேடுவதே இந்தப் பட்டியலைத்தான்.

## கைப்பேசியில் நிலைமை வேறு

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தன் கூண்டுக்குள்தான் இருக்கும். ஒரு பாதுகாப்புச் செயலியால் மற்றொன்றின் கோப்பைப் பிடுங்க முடியாது, உங்களைக் கேட்காமல் எதையும் அகற்றவும் முடியாது. இரண்டு வைத்தால் பேட்டரியும் அறிவிப்புத் தொல்லையும்தான் இழப்பு. இங்கே மோதல் அனுமதிகளில் வருகிறது.

2023 ஆகஸ்டில் ஓசிபிசி வங்கி தொடங்கி, பிறகு மற்ற வங்கிகளும், அதிகாரபூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வந்து அபாயகரமான அனுமதி பெற்ற செயலி இருந்தால் தங்கள் செயலி திறக்காதபடி செய்தன. 2024 பிப்ரவரியில் கூகல் பிளே புரொடெக்ட் சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி முன்னே போய், குறுஞ்செய்தி வாசித்தல், திரையை வாசித்து இயக்க உதவும் அக்ஸெசிபிலிட்டி போன்ற அனுமதி கேட்கும் வெளிச் செயலிகளை நிறுவும்போதே தடுக்கத் தொடங்கியது. ஆகவே ஒரே பாதுகாப்புச் செயலி, பிளே ஸ்டோரிலிருந்து வந்தால் ஏற்கப்படும், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பாக வந்தால் வங்கிச் செயலியைப் பூட்ட வைக்கும். வங்கிச் செயலி திறக்கவில்லை என்றால் அது காட்டும் பெயரை நீக்கிவிட்டு, தேவையென்றால் கடையிலிருந்து மறுபடி நிறுவுங்கள்.

ஊருக்கு அடிக்கடி பேசுபவர்கள் பலரிடம் அழைப்பவர் யார் என்று காட்டும் ட்ரூகாலரும் இருக்கிறது, ஸ்கேம்ஷீல்டு செயலியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'அழைப்பாளர் அடையாளம் மற்றும் ஸ்பேம்' என்ற பொறுப்பை ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் தர முடியும். பிறகு நிறுவியதற்கு 'சரி' என்று சொன்ன கணத்தில் முந்தையது சத்தமில்லாமல் பொறுப்பை இழக்கிறது. அதன் சின்னம் திரையில் இருப்பதால் அது காப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். செட்டிங்ஸில் செயலிகள், அதில் இயல்பு நிலைச் செயலிகள் என்ற பக்கத்தில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஐஃபோனில் தெரியாத எண்களின் குறுஞ்செய்தியை வடிகட்டவும் ஒரே ஒரு செயலியைத்தான் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் வயதானவர்களின் கைப்பேசியில் இந்த இரண்டு பக்கங்களையும் திறந்து பார்த்து, ஸ்கேம்ஷீல்டு வேண்டுமென்றால் அதன் பெயருக்கு நேரே குறி இருப்பதை உறுதிசெய்ய ஒரு நிமிடம் ஆகும்.